முதுகில் தேதி

செம்பனை ஆலையின் எடைமேடையில்
முப்பத்தொரு வருஷம் நான் கிராணி.
லாரி உள்ளே ஏறும்போது ஓர் எடை,
குலையைக் கொட்டிவிட்டு இறங்கும்போது ஓர் எடை.
இரண்டாவதை எழுதாவிட்டால்
முதலாவது வெறும் மை.
பகாவ் வட்டாரத்தில் லாரி ஓட்டிய எல்லாரிடமும்
இதைக் கத்தியிருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை பவளக்கொடி
சோற்றைத் தொடவில்லை.
இரண்டு முறை வாந்தி.
பிறகு குசினித் தரையில் குந்தி
சிமெண்டைத் துழாவிக்கொண்டிருந்தாள்,
மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள் மாதிரி.
கையைப் பிடித்து நாடி பார்த்தேன்.
சுவர்க் கடிகாரம் அவளை விட்டுவிட்டு
முன்னே போய்க்கொண்டிருந்தது.

கோமளாவின் காரில் கோலப்பிலா ஆஸ்பத்திரி.
மிஸ்ஸி அவள் சட்டையைத் தூக்கினாள்,
தூக்கிய கை நின்றது.
பிறகு மெதுவாக எண்ணினாள்:
சத்து. துவா. தீகா.

வலது தோளில், திங்கள் காலை, நான்.
இடது தோளில், செவ்வாய், வேலைக்கு வரும் சுமியாத்தி.
இடுப்புக்கு மேலே, இன்று விடியலில்,
வேலைக்குப் போகிற வழியில், மகள்.

தினம் இடம் மாற்றி ஒட்டணும் என்றார்கள்,
மூன்று பேரும் கேட்டோம்.
பழைய பிளாஸ்டரை உரித்த பிறகுதான் புதுசு என்றார்கள்,
அதை மட்டும்
ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கு விட்டுவிட்டோம்.

மூன்று நாள் மருந்தும் ஒரே முதுகில்
ஊறிக்கொண்டிருந்தது.
திட்டுவதற்கு ஆளைத் தேடினேன்.
மூன்று பேருமே நல்லவர்களாக இருந்தோம்.

மருந்துக் கவுண்டரில் புவான் ரொஸ்லின்டா
பாதி மலாய், பாதி கை ஜாடை.
ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு ஒட்டாதே.
கத்தரிக்காதே.
பல நாள் விட்டுப்போனால் நீயாகத் தொடங்காதே,
டாக்டரிடம் வா, குறைந்த அளவிலிருந்து ஏறணும்.
வேறென்ன கொடுக்கிறாய்?
சளிக்குக் கடையில் வாங்குகிற சின்ன மஞ்சள் மாத்திரை,
அது இந்த மருந்தை எதிர்த்து இழுக்கும், தெரியுமா?

என் சட்டைப்பையில் அதே மஞ்சள் அட்டை.
நாலு மாத்திரை பிய்த்திருந்தது.
எடுத்து வைத்தேன்.
அவர் முகம் மாறவில்லை,
பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

இப்போது குளிர்பெட்டி மேல் ஆலையின் பழைய பேரேடு.
ஏற்றம், இறக்கம், இரண்டே கட்டம்.
ஒட்டுவது ஒரே ஆள், நான்.
எனக்குக் காய்ச்சல் வந்தால் சுமியாத்தி,
அப்போதும் இறக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான்
ஏற்றம்.
உரித்ததை பசைப்பக்கம் உள்ளே வைத்து மடித்து
மூடியுள்ள மில்லோ டின்னில்.
பூனைகூட அண்ட முடியாது.

காலை ஏழு மணி. துடைத்துக் காய்ந்த முதுகு.
"யாரு?"
புருஷன் என்றால் இந்த மாதம் நம்புவதில்லை.
"கிராணி."
"ம்."

நேற்றைய சதுரம் லேசாய்ச் சிவந்திருக்கிறது.
அதை விட்டு நாலு விரல் தள்ளி
இன்றைய தேதியைப் பேனாவால் எழுதிய புதுசு.
உள்ளங்கையால் அழுத்தி முப்பது எண்ணுகிறேன்.
இருபதில் அவள் தலையைத் திருப்புகிறாள்.

"சாக்குக்கு ரெண்டு கிலோ கொறச்சித்தானே எழுதுவே நீ?"

ஆலைக்கு வருவதற்கு முன், தோட்டத்தில்,
மண்டோர் சொன்னான் என்று
நனைந்த சாக்குக்கெல்லாம் குறைத்திருக்கிறேன்.
அவள் சாக்குக்கும்.
கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில்
அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

எண்ணிக்கை விட்டுப்போகிறது.
கையை எடுக்காமல்
ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

"ரசீது?" என்கிறாள்.
முதுகிலிருக்கும் தேதியை
அவளுக்குக் கேட்கும்படி
சத்தமாய்ப் படிக்கிறேன்.